அப்பா வாங்குன வட்டக்கண்ணு கார்

மேக்கணக்கு லயம்,
தலவாக்கலை.
22.07.2004

அன்புள்ள மகன் பிரதாப்புக்கு அம்மா வீரம்மா எழுதிக்கிறது. இங்க நான், ஒங்க அப்பா, தங்கச்சி ஊர்மிளா மூணு பேரும் மாரியாத்தா புண்ணியத்துல காய்ச்சல் தலவலி இல்லாம இருக்கோம், அங்க டோகா வெயில்ல நீயும் ஒடம்பு கெடாம இருக்கணும்னு வெளக்கு வக்கிறப்பல்லாம் கேட்டுக்கிறேன். இங்க மழை விட்டபாடில்ல. துணி காயல, அடுப்பு வெறகு காயல, என் மனசும் காயல. போன வாரம் நீ கொமினிகேசன் கடைக்கு போன் எடுத்தப்ப அம்மா மொகங்குடுத்து பேசலன்னு கோவிச்சிக்கிட்ட. பக்கத்துல ஒங்க அப்பா நிக்கிறாரு, கடைக்காரன் காத தீட்டிக்கிட்டு இருக்கான், நான் என்னத்த பேச. அதான் இன்னிக்கி நான் வேல பாக்குற புள்ளைக்காம்பராவுல, கொழுந்தெடுக்க போனவங்க புள்ளைங்கள தூங்க வச்சிட்டு ஒக்காந்து எழுதுறேன். கார் நல்லா இருக்காம்மான்னு நீ கேட்ட. நல்லாத்தான் இருக்கு, பாக்குறதுக்கு. அதுதான் எனக்கு வந்த வினை.

நாம என்ன பேசியிருந்தோம் மகன்? ஒரு வேன் வாங்குறது, காலையில தோட்டத்து மேக்கணக்கு கீழ்க்கணக்கு லயத்து புள்ளைங்கள டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போறது, மழையில நனைஞ்சி போயி ஈரச் சட்டையோட ஒக்காந்து படிக்கிற புள்ளைங்களுக்கும் நல்லது, வேலையிலருந்து நின்னுட்டு சும்மா இருக்க முடியாம பொழுதுக்கும் என்கூட சண்ட புடிக்கிற ஒங்க அப்பாவுக்கும் நல்லதுன்னு. நீயும் பாலைவனத்துல வெந்து காச அனுப்புன. அவரும் அட்டன் தரகர் சின்னராசாவ கூட்டிக்கிட்டு கண்டிக்கு போனாரு, வேன் கூட பாத்து பேசி வச்சதுதான். சாயந்தரம் லயத்து புள்ளைங்கல்லாம் ஓடுதுங்க, என்னடான்னு கதவ தெறந்தா முட்டைய படுக்கப் போட்ட மாதிரி ஒரு குட்டிக் கார் வந்து நிக்கிது. மேல வெண்ணெய் கலர், கீழ தேயிலைப் பச்சை, முன்னால ரெண்டு வட்டக் கண்ணு, நடுவுல வெள்ளிப் பல்லு. ஒங்க அப்பா உள்ளருந்து மாப்பிள்ளை மாதிரி எறங்குறாரு. வேன் எங்கன்னு கேட்டேன். இதப் பாருங்கிறாரு. பாத்துக்கிட்டுதான் இருக்கேன், வேன் எங்கங்கிறேன்.

சின்னராசாதான் ஒரு ஓரமா வந்து மெதுவா சொன்னாப்புல. அக்கா, வேன் பக்கத்துலதான் இது நின்னுச்சி, அண்ணன் வேன் கதவக் கூட தெறந்து பாக்கல, இதையே சுத்தி சுத்தி வந்தாரு, நான் எவ்வளவோ சொன்னேன்னு. எந்தக் காலத்து பழைய காருங்க இதுன்னு நான் கேட்டதுக்கு ஒங்க அப்பாவுக்கு வந்துச்சே கோவம். பழசு இல்லையாம், ஜப்பான்காரன் புதுசா செஞ்சதாம், பழைய காலத்து கார் மாதிரி தெரியணும்னு வேணும்னே அப்புடி செஞ்சானாம். சரி புதுசுதானான்னு கேட்டா, இல்ல, ஜப்பான்ல ஒருத்தன் ஓட்டி, கண்டியில ஒருத்தன் ஓட்டி, மூணாவதா நம்ம கைக்கு வந்துருக்கு. அப்ப புதுசா செஞ்ச பழசு, அதுவும் பழசாப் போனதுக்கப்பறம் நம்ம காசுக்கு வந்துச்சான்னு கேட்டேன். ஊர்மிளா வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறா. நீ மட்டும் என்ன, போன்ல அப்பாவுக்கு புடிச்சத வாங்கட்டும்மான்னு சொல்லிட்ட. அவருக்கு புடிச்சது புடிச்சிருச்சி, பள்ளிக்கூடப் புள்ளைங்க இன்னும் நனைஞ்சிக்கிட்டுதான் போகுதுங்க.

அதோட கூத்த கேளு. நம்ம தோட்டத்து ரோட்டப் பத்தி ஒனக்கு சொல்லணுமா, அந்தக் கார் வயித்த தரையில தேச்சிக்கிட்டே வருது. பின்னால ஒக்காந்தா முழங்கால் தாடையில முட்டுது. தேயில ஸ்டோருக்கு முன்னால கொழுந்து லொறி பின்னுக்கு எடுக்கையில ஒரு கண்ணு ஒடஞ்சி போச்சி, தலவாக்கலை பூரா அலைஞ்சாச்சி, கராஜ் பாஸ் கைய விரிச்சிட்டாரு. ஜப்பான்லயே கொஞ்சந்தான் செஞ்சாங்களாம், அதுக்கு சாமான் கெடைக்காதாம். ஊர்மிளாவுக்கு பள்ளிக்கூடத்துல பரிசு குடுத்தாங்களே ஒரு கண்ணாடிக் கிண்ணம், அத எனக்கு சொல்லாமக் கொள்ளாம எடுத்து அந்தக் கண்ணுல கவுத்து ஒட்டி வச்சிருக்காரு. சந்தைக்கு போனா லீக்ஸ் கட்ட ஏத்த விடமாட்டாரு, நாத்தம் புடிச்சிருமாம். மண்ணெண்ண கேன ஏத்த விடமாட்டாரு. லீக்ஸ மடியில கட்டிக்கிட்டு நான் பஸ்ஸுல வர்றேன், அவரு காலியா காரோட்டிக்கிட்டு எனக்கு முன்னால வீட்டுக்கு வந்து சேந்து தேத்தண்ணி எங்கங்கிறாரு. இதையெல்லாம் கூட நான் பொறுத்துக்கிட்டேன்னு வச்சிக்க. அடுத்து நடந்ததத்தான் பொறுக்க முடியல, அதுக்குத்தான் இந்தக் கடுதாசியே.

ஆனி மொத ஞாயித்துக்கெழம கோயிலுக்கு போவம்னு நானும் அவரும் கார்ல மலையிலருந்து கீழ எறங்குனோம். நல்ல பனிமூட்டம், ரெண்டு தேயிலச் செடி தூரத்துக்கு மேல ஒண்ணும் தெரியல. ரெண்டாம் வளைவுல நம்ம லயத்து கடைசிக் காம்பரா வீட்டு காளியாயி அக்கா எதுக்க வந்துச்சி, தலையில வெறகு, கையில கொட. ஒனக்கு தெரியுமே, நான் மலைக்கு கொழுந்தெடுக்க போன காலத்துல நீ பால் குடிக்கிற புள்ள, ஒன்ன தூக்கி வச்சிக்கிட்டு திரிஞ்ச மனுசி. இப்ப கண்ணுல பூ விழுந்து சரியா தெரியறதில்ல. காரப் பாத்துச்சோ இல்லையோ, மளார்னு வெறகக் கீழ போட்டுச்சி, கொடைய மடக்குச்சி, ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள எறங்கி தலையக் குனிஞ்சி நின்னுருச்சி மகன். கானுல முழங்கால் தண்ணி ஓடுது. மழை தலையில கொட்டுது. அப்புடியே நிக்கிது.

எனக்கு ஒண்ணும் வெளங்கல, அப்பறந்தான் வெளங்குச்சி. வெள்ளக்கார பெரிய தொர காலத்துல அவரு கார் வந்தா அப்புடித்தானே நிக்கணும். கொடைய விரிச்சிக்கிட்டு தொரைக்கு முன்னால நின்னா அன்னிக்கி பேரில்ல, சம்பளம் இல்ல. என் அம்மா அப்புடி நின்னதுதான், ஒங்க அப்பாவோட அம்மா நின்னதுதான். அந்த தொரை கார் இப்புடித்தான் வட்டக் கண்ணும் வெள்ளிப் பல்லுமா இருக்கும். நான் ஒங்க அப்பாவ பாத்து நிப்பாட்டுங்க, நம்ம காளியாயி அக்கான்னேன். அவரு நிப்பாட்டல. ஸ்டேரிங்கிலருந்து ஒரு கைய எடுத்து இப்புடி லேசா தூக்குனாரு பாரு. சலாம் வாங்கிக்கிற மாதிரி. நான் என் கண்ணால பாத்தேன். மொகத்துல ஒரு மாதிரி சிரிப்பு. அந்த மொகத்த கல்யாணம் பண்ணி இத்தன வருசத்துல நான் பாத்ததில்ல. வளைவு தாண்டி கொஞ்ச தூரம் போனதுக்கப்பறம் நான் கதவத் தெறந்துட்டேன், அப்பத்தான் பிரேக் புடிச்சாரு. எறங்கி திரும்பி ஓடுனேன். அக்கா கானுலருந்து ஏற முடியாம செடியப் புடிச்சிக்கிட்டு நிக்கிது, கால் முட்டியில கல்லு கிழிச்சி ரத்தம். கையப் புடிச்சி ஏத்துனேன். புள்ள நீயா, நான் தொரைன்னுல்ல நெனச்சேன், தொரையெல்லாம் சீமைக்கு போயி எம்புட்டு காலமாச்சி, மனசுக்கு தெரியுது, இந்தக் காலுக்கு தெரியல பாரு, அதுவா எறங்கிருச்சின்னு சிரிக்கிது. சிரிச்சிக்கிட்டே முட்டிய சீலையால மறைக்கிது. யாருகிட்டயும் சொல்லிராத புள்ள, வெக்கமா இருக்குன்னுச்சி. ஒன்கிட்ட மட்டும் சொல்றேன், நீயும் யாருக்கும் சொல்லாத. வெறக தூக்கிக்கிட்டு நான் அக்காவ லயத்துக்கு கூட்டிட்டுப் போயிட்டேன். கோயிலுக்கு போகல.

அன்னிக்கி நாங்க போட்ட சண்ட பக்கத்துக் காம்பராவுக்கெல்லாம் கேட்டிருக்கும். எதுக்குங்க நிப்பாட்டலன்னு கேட்டேன். மொதல்ல பிரேக் வழுக்குச்சின்னாரு. கையத் தூக்குனீங்களே, அது வழுக்கியான்னேன். அப்பறந்தான் சொன்னாரு. சின்னப் புள்ளையில பங்களா வாசல்ல நின்ன தொரை கார தொட்டுப் பாத்துட்டாராம், மழத்தண்ணி பட்டு வழவழன்னு இருந்துச்சாம், அதுக்கு ஒங்க தாத்தாவ காலையில வேல பிரிக்கிற பெரட்டுல எல்லாருக்கும் முன்னால நிக்க வச்சி தொர ஏசுனாராம், தாத்தா வீட்டுக்கு வந்து ஒண்ணுமே சொல்லலையாம், அடிக்கக்கூட இல்லையாம். வாழ்க்கையில ஒரு நாளாவது அந்த சீட்டுல ஒக்காந்து பாக்கணும்னு இருந்துச்சி வீரம்மா, அது ஒரு தப்பாங்கிறாரு. கேக்க எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சி. ஆனா விடல. ஒக்காருங்க, வேணாங்கல, ஒக்காந்தா நீங்க தொரையாயிட்டீங்களா, காளியாயி அக்காதான் மறுபடி கானுக்குள்ள நிக்கிது, ஒங்க அம்மாவா இருந்தா கையத் தூக்கிட்டு போயிருப்பீங்களான்னு கேட்டேன். எந்திரிச்சி வெளிய போயிட்டாரு. கேட்டிருக்கக் கூடாதோன்னு இப்பவும் இருக்கு. கேக்காம இருந்தா என் வயிறு வெடிச்சிருக்கும்.

அப்பறம் தார்ப்பாய் படங்கு போட்டு கார மூடி வச்சிட்டாரு. வித்துடலாம்னு அவராத்தான் கெளம்புனாரு. நுவரெலியா போற வழியில பழைய தொரை பங்களா ஒண்ண கொழும்புக்காரரு ஒருத்தரு ஓட்டலாக்கியிருக்காரு, வெள்ளக்காரங்க வந்து தங்குறாங்க. அந்த மாத்தையாவுக்கு கார பாத்ததும் கண்ணு விரிஞ்சிருச்சாம், கேட்ட வெலைய குடுக்குறேன்னாராம். எனக்கு கேக்குறப்பவே வேன் வந்து வாசல்ல நின்ன மாதிரி இருந்துச்சி. ஆனா ஒண்ணு, அப்பாவும் அங்கயே வேலைக்கு வரணுமாம். வெள்ள கோட்டு, வெள்ளிப் பித்தான், தலையில தொப்பி. ஆளுங்க வந்தா கார்க் கதவ தெறந்து விட்டு சலாம் போட்டு நிக்கணுமாம், அப்பத்தான் பழைய காலம் மாதிரி இருக்குமாம். தொப்பியக் கூட எடுத்து தலையில வச்சிப் பாத்தாங்களாம். வீட்டுல கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. சாப்புட ஒக்காந்து ரொட்டியப் பிச்சி பிச்சி வக்கிறாரே தவிர வாயில போடல. சரி, நீங்க போக வேணாம், கார மட்டும் குடுத்துட்டு வாங்கன்னேன். ஆளில்லாம கார் வேணாமாம் வீரம்மா, என்னையும் சேத்துதான் கேக்குறாங்கன்னாரு. நல்ல வெலைய விட்டுட்டு வந்து நிக்கிறாரேன்னு எரிச்சல் எரிச்சலா வந்துச்சி. அந்தக் கோவத்துலயே தேங்காச் சம்பல அள்ளிப்போட்டு இன்னொரு ரொட்டியும் வச்சேன். சாப்புட்டாரு.

மறுநா காலையில படங்க உருவிட்டு கார கடைசிக் காம்பராவுக்கு முன்னால கொண்டு போயி நிப்பாட்டிட்டு, அக்கா ஏறு, கண்ணு கிளினிக்குக்கு போவம்னாரு. அது வேணாம் வேணாங்குது. நானும் போயி சொன்னதுக்கப்பறம் வந்துச்சி. முன் சீட்டுல ஏறுறதுக்கு முன்னால செருப்ப கழட்டி ரோட்டு ஓரமா வச்சிருச்சி மகன், கோயிலுக்குள்ள போறாப்புல. ஒங்க அப்பா சுத்தி வந்து குனிஞ்சி அந்த ரெண்டு செருப்பையும் கையில எடுத்தாரு, சேறோட. உள்ள அது காலடியில வச்சிட்டு கதவ சாத்துனாரு. மன்னிச்சிக்கன்னு சொன்னாரான்னு கேக்காத, சொல்லல, சொல்ற ஆளும் இல்ல. கண்ணுல பூ எடுக்கணும்னு நாள் குடுத்துருக்காங்க, அடுத்த மாசம் இவருதான் கூட்டிட்டு போறாராம்.

இப்ப புது கூத்து என்னன்னா, ரோட்டுல யாரு நடந்து வந்தாலும் தூரத்துலயே கார நிப்பாட்டி எஞ்சின அமத்திர்றாரு. எங்க போறீங்க, ஏறுங்கங்கிறாரு. டவுனுக்கு போய்ச் சேர மத்தியானம் ஆகுது. முந்தாநா நாலு பள்ளிக்கூடப் புள்ளைங்கள அடச்சிக்கிட்டு போறாரு, எனக்கு எடமில்லைன்னு என்னைய எறக்கி விட்டுட்டாரு, கட்டுன பொண்டாட்டிய. இப்பல்லாம் சனங்களுக்கு பயம் விட்டுப் போச்சி, நடு ரோட்டுல நின்னு கையப் போடுதுங்க. லீக்ஸும் ஏறுது. என் புள்ள வேர்வை சிந்துன காசுன்னு எனக்கு இன்னமும் ஆத்தாமதான். ஊருக்கெல்லாம் ஓட்டுறதுன்னா வேனா வாங்கியிருக்கலாமே, அந்த முட்டைக்குள்ள எத்தன பேரத்தான் அடைக்கிறது. நீ அவருகிட்ட பேசுறப்ப இதச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லாத.

மகன், நேரத்துக்கு சாப்புடு. வெயில்ல தலைக்கு துணி கட்டிக்க. அங்க ஒன் மொதலாளி கார் வர்றப்ப நீ எப்புடி நிக்கிறியோ எனக்கு தெரியாது, நீ எழுதவும் மாட்ட. ரோட்டுல ஓரமாவே நில்லு, அந்த ஊரு வண்டியெல்லாம் வேகமா வரும். ஓரமா நின்னா போதும், தலையக் குனிய வேணாம். மாரியாத்தா ஒனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டா, ஆயுசோட நல்லா இரு. ஊர்மிளா ஒன் போட்டோ ஒண்ணு கேக்குறா, மறக்காம வச்சி அனுப்பு, தலையில தொப்பி இல்லாம எடு.

இப்புடிக்கு
அன்பு அம்மா
வீரம்மா