காஜா பாயின் வலது மூக்கு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். லேபில் ஈர வாடை. வாங்க வேண்டியவை: பஞ்சு, கையுறை, ஐஸ் பாக்கெட்.

காஜா பாய் மறுபடி வந்தார். தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை. ஏப்ரலில் குற்றாலம் ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி நெற்றியில் அடி. அதிலிருந்து வலது மூக்கில் மட்டும் தண்ணீர். ஜூனில் அதை ஒரு குப்பியில் பிடித்துக்கொண்டு வந்தார். சர்க்கரை ஸ்டிரிப் போட்டுப் பார்த்தது நான். மூளை நீரில் சர்க்கரை உண்டு, சளியில் அவ்வளவு இராது என்ற கணக்கு. ‘இல்லை’ என்று எழுதினேன். அதைப் பார்த்து அப்போதைய டாக்டர் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

இன்று வேறொரு இ.என்.டி. டாக்டரின் சீட்டு: பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின். மூளை நீரில் இருக்கும் புரதம். சளியிலும் கண்ணீரிலும் கிடையாது. டாக்டருக்கு போன் போட்டேன்.

“ஸ்டிரிப்ப நம்பாதீங்கம்மா. இருக்குன்னு காட்டுனாலும் தப்பா இருக்கும், இல்லன்னு காட்டுனாலும் தப்பா இருக்கும்.”

ஜூன் குப்பி வந்தது காலையில். அன்று கூட்டம். சாயங்காலம்தான் ஸ்டிரிப் போட்டேன். வெளியே கிடந்தால் சர்க்கரை குறையும். தெரியும். தெரிந்தும்.

ஜூலை 9, புதன்

சாம்பிள் எடுக்கும் நாள். அரை மணி நேரம் குனிந்தே இருந்தார். ஒரு சொட்டு இல்லை.

“தொழுகையில நெத்திய கீழ வைக்கும்போதுதாம்மா விழுது.”

உள் அறையில் துணி விரித்தேன். மடித்த போர்வைமேல் நெற்றியை வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து ட்யூபைச் சாய்த்துப் பிடித்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி, சொட்டுச் சொட்டாக. ஒரு மில்லி சேர இருபது நிமிடம். எனக்கு முழங்கால் மரத்துவிட்டது. ஒப்பிட ரத்தமும் எடுத்தாயிற்று. ஐஸ் பெட்டியில் சென்னைக்கு; கூரியரில் நானே கொடுத்தேன்.

ஜூலை 12, சனி

அருவியில் குளிக்கத் தடை. வந்த கூட்டமெல்லாம் ஊருக்குள். எங்கே திரும்பினாலும் தும்மல். ரிசல்ட் வரவில்லை. மெயில் நாலு தடவை பார்த்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

வந்துவிட்டது. பாசிட்டிவ். மூளை நீரேதான். அடிபட்ட எலும்பின் விரிசல் வழியே கசிகிறது; அதே வழியில் கிருமி ஏறினால் மூளைக்காய்ச்சல்.

ஜூன் விஷயத்தை காஜா பாயிடம் சொல்லப்போகிறேன் என்றேன். லேப் ஓனருக்குப் பிடிக்கவில்லை.

“பழச எதுக்குக் கிளறுதீங்க? அவரு கேக்கவா செஞ்சாரு?”

கேட்கவில்லைதான். வெளியே படிக்கட்டில் நின்று பாய்க்குப் போன் போட்டேன். ரிசல்ட்டையும், ஆபரேஷன் செய்து அடைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். குப்பி சாயங்காலம் வரை மேஜையில் கிடந்ததையும் சொன்னேன்.

அவர் கேட்டார்: “இடையில மூளைக்காய்ச்சல் வந்திருந்தா?”

மன்னிப்புக் கேட்டேன். அவர், “இத அப்படியே எங்க வீட்டுல சொல்லுங்க. தலவலின்னு படுத்தா, கடைக்குப் போகாம நடிக்கேன்னு சொல்லுதா.”

போன் கை மாறியது. அவர் மனைவியிடம் முதலிலிருந்து எல்லாம் சொன்னேன், என் தப்பு உட்பட. மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறார் என்று தெரிய நேரமாயிற்று.

“ஆபரேசனுக்கு என்னைக்குப் போணும்மா?”

டாக்டர் குறித்த நாளைச் சொன்னேன்: வியாழன். திருநெல்வேலி.