என் பெயர் போடாத படம்

ஜூலை 3, வியாழன்

படத்தை முடித்துவிட்டேன். கடைசியில் திரை முழுக்க என் பெயர், வெள்ளை எழுத்தில். ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். இருபது வருடமாக வெளியூர் இயக்குநர்களுக்கு மைக் பிடித்தேன், எங்கள் வார்ல்பிரி பேச்சை மொழிபெயர்த்தேன், பசிக்கிறது என்றால் கங்காரு வால் கூடச் சுட்டுப் போட்டேன். படம் முடியும்போது 'நன்றி: ஊர் மக்கள்' என்று போடுவார்கள். அந்த ஊர் மக்கள் நான்தான்!

அடுத்த சனிக்கிழமை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மன்றத்தில் கறுப்பு மக்களின், பூர்வகுடிகளின் படமும் பாட்டுமாக ஒரு மாலை. சூடான் குடும்பங்களின் பாட்டுக்குழு முதலில். எங்கள் ஊர் ரெகே பாட்டுக்காரப் பசங்கள் கடைசியில். நடுவில் என் படம் - அதே பசங்கள் ஓட்டை பஸ்ஸில் பாலைவனம் தாண்டிப் போய்ப் பாடிவிட்டு வந்த கதை. சிட்னியிலிருந்து தொலைக்காட்சிக்காரி ஒருத்தி பார்க்க வருகிறாள்.

ஜூலை 5

அத்தை போய்விட்டாள். அப்பாவின் அக்கா. நான் பிறந்தபோது தன் பெயரையே எனக்கு வைத்தவள்.

ஜூலை 7

என் அக்கா மேவிஸ் காலையிலேயே வந்து நின்றாள்.

"விழாவ நடத்திக்குங்கன்னு அத்தை மக சொல்லிட்டா. ஆனா அந்தப் பேரு எங்கயும் கேக்கக் கூடாது. திரையிலயும் வரக்கூடாது."

"அது என் பேரு, அக்கா!"

"அவ பேருடீ. உனக்குக் குடுத்து வச்சிருந்தா. இனிமே நீ குமன்ஜாயி."

தெரியாதா எனக்கு? செத்தவரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயர் யாருக்கெல்லாம் இருக்கிறதோ, குடும்பம் சரி என்று சொல்லும்வரை அத்தனை பேரும் குமன்ஜாயிதான். எத்தனை பேரை நானே அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். கிளினிக்கில் இன்று நர்ஸ் 'குமன்ஜாயி' என்றதும் நாங்கள் மூன்று பேர் எழுந்து நின்றோம். மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா, அத்தை? ஒரே ஒரு வாரம்?

இப்படி எழுத எனக்கு வெட்கமாக இல்லையா? இருக்கிறது. அந்த வரியை அடித்துவிட மாட்டேன். எழுதியது எழுதியதுதான்.

ஜூலை 8

கடைசியில் என் பெயர் வரும் பலகையை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். எங்கே தீர்ந்தது? படம் நெடுக யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பஸ் பழுதாகி நிற்கும் இடத்தில், அடியில் மல்லாந்து படுத்திருக்கும் டிரம்ஸ்காரன் கிளிஃபோர்ட் என் பெயரைச் சொல்லிக் கத்துவான்: "கேமராவ கீழ வச்சிட்டு ஸ்பானர எடு! ஒனக்கு அவார்டு நான் தரேன்!" படத்திலேயே பெரிய சிரிப்பு அதுதான். வெட்டினேன். இப்போது அவன் சும்மா பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்கிறான். என்ன படம் இது?

ஜூலை 9

விழாப் பொறுப்பாளர் பிரிஜிட் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். நல்லவள்தான், வெள்ளைக்காரி.

"ஆரம்பத்துல ஒரு எச்சரிக்கை போட்டுட்டாப் போதுமே? 'இறந்தவங்க பேரு வரும்'னு? எல்லாரும் அப்படித்தானே செய்யறாங்க. இருபது வருஷ உழைப்புங்க உங்களுது."

என் மனதில் கிடந்ததை அப்படியே எடுத்து அவள் பேசினாள். சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பழைய பிரதியை நான் இன்னும் அழிக்கவில்லை.

மாலையில் அக்காவிடம் அந்த எச்சரிக்கைப் பேச்சை மெதுவாக எடுத்தேன்.

"போடேன். தாராளமாப் போடு. அவகூட வளந்த கிழவிங்கள்லாம் சாவுக்கு வந்திருக்காங்க, முன்வரிசையில உக்காருவாங்க. அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே போடு."

இவளோடு எப்போது பேசினாலும் இதே கதைதான்.

ஜூலை 11

அத்தை வீட்டார் தங்கியிருக்கும் துக்கக் கூடாரத்துக்கு இன்னும் போகவில்லை. என்ன முகத்தோடு போவது? ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை எனக்கு. கோபம்தான் வருகிறது.

ஜூலை 12, காலை

இரண்டு பிரதியும் பையில் இருக்கின்றன.

ஜூலை 13

புதுப் பிரதியைத்தான் கொடுத்தேன். படம் ஓட்டும் மெஷின்காரன் கை நீட்டும்வரை எதைக் கொடுக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பெருந்தன்மை எல்லாம் இல்லை. முன்வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

பாட்டுகளுக்குத் தட்டினார்கள். கிளிஃபோர்ட் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசிப் பலகை வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக மேவிஸ் அக்கா மைக்கில் வாசித்தாள்: "படம் எடுத்தது, குமன்ஜாயி."

பின்வரிசையில் வெள்ளைக்காரர்கள் தட்ட ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் அத்தையோடு வளர்ந்த ஒரு கிழவி தலையில் கை வைத்துக்கொண்டு குரலெடுத்தாள். பக்கத்தில் இருந்தவள் சேர்ந்தாள். அப்புறம் எங்கள் ஆட்கள் எல்லோரும். மன்றமே ஒப்பாரி. தட்டிய கைகள் அப்படியே நின்றுவிட்டன.

என் நிமிடம். அதையும் எடுத்துக்கொண்டாயே, அத்தை! அந்தக் கோபம் அங்கேயே உடைந்தது. திரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சிட்னிக்காரி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"படம் பிடிக்கலையா அவங்களுக்கு?"

"தெரியல. என் பேரக் கேட்டு அழறாங்க."

புரிந்ததோ இல்லையோ, அவளும் தரையில் உட்கார்ந்தாள். படம் எப்படி என்று அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை 14

துக்கக் கூடாரத்துக்குப் போனேன். அத்தை மகள் துக்கத்துக்காக உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண் பூசி உட்கார்ந்திருந்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். ஓய்ந்த பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒம் பேரு வந்தப்ப எங்கம்மாவுக்கு மன்றமே அழுதுச்சாமே?"

ஒரு ஆள் கூட எனக்குத் தட்டி முடிக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமா மதினி" என்றேன். "ஒருத்தர் பாக்கியில்லாம."