ஈசானிய மூலைக் குழாய்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. தியாகதுருகத்தில் நம் வீடு இன்னும் நிற்கிறது. அதில் உங்கள் பங்கு ஒன்றுமில்லை.

தெற்குப் பார்த்த வீடு. தெருவிலிருந்து தண்ணீர் பைப் நேராக வாசலுக்கே வருகிறது. நல்ல மனிதர்கள் அங்கேயே ஒரு குழாயை மாட்டிப் பிடித்துக்கொள்வார்கள். நீங்களோ, தண்ணீர் ஈசானிய மூலையில்தான் விழ வேண்டும் என்று, பைப்பை வாசலிலேயே திருப்பி, சமையலறைச் சுவரை ஒட்டிக் கொல்லைவரை இழுத்தீர்கள். செல்வம் வந்து கொட்டும் என்றீர்கள். சுவரோரத்து இணைப்பு துருப்பிடித்து ஒழுகி, மண்சுவர் ஊறி, அடுப்புக்குப் பின்னால் மண்தான் கொட்டியது.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஃபிட்டர் வர வேண்டும். இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் இல்லை. மறியலுக்குப் போனவர்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளின் படிப்புக்காக வெயிலில் நிற்கிறார்கள். நான் சொல்வது உங்கள் அருமைத் தம்பியை. அங்கேயும் போகாமல், இங்கேயும் உதவாமல், கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

“போராட்டம் முடியட்டும் அண்ணி. அண்ணன் பாத்து வெச்ச மூல, கைய வெக்காதீங்க.”

“செவுரு ஊறிக்கினே இருக்குது தம்பி. அதுக்குள்ள வுழுந்துட்டா?”

“அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது.”

அச்சு அசல் நீங்கள்தான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இல்லையா?

பக்கத்து வீட்டில் ரம்பமும் பைப் திருகுகிற ரிஞ்சும் வாங்கிவந்தேன். முதலில் ஒழுகும் இணைப்பை இறுக்கினேன். ஒழுகியது பீய்ச்சியடித்தது. தம்பி சிரித்தார். அப்போதுதான் உறைத்தது: இந்தப் பைப்பே எதற்கு? தெருவில் தண்ணீர் நின்றதும், வாசலில் பைப் திரும்புகிற வளைவுக்குப் பக்கத்தில் அதை அறுத்தேன். வளைவில் மாட்டியிருந்த மிச்சத் துண்டைக் கழற்றிவிட்டு, கொல்லைக் குழாயைக் கழற்றிக் கொண்டுவந்து அந்த வளைவிலேயே திருகினேன். கசியாமலிருக்கக் குழாயின் திருகு மரையில் சணல் சுற்ற வேண்டும் என்பது தெரியும். எந்தப் பக்கமாக என்பது தெரியாது. திருகத் திருகச் சணல் முழுக்க வெளியே வந்துவிட்டது. மறுபடி, திருகுகிற பக்கமாகவே சுற்றி, பெயின்ட் தடவி இறுக்கினேன்.

மறுநாள் தண்ணீர் வந்தது. கசியவில்லை.

“தெக்கால தண்ணி வுழுந்தா வூடு வெளங்காதுங்க அண்ணி.”

“தள்ளி நில்லுங்க தம்பி, வேட்டி நனையுது பாருங்க.”

அவர் போனபிறகு குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன். பாழாய்ப்போன மனுஷன் நீங்கள் இருந்து திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. எதற்காக அப்படித் தோன்ற வேண்டும்?

சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் திதிப் படையலுக்கு உலைத் தண்ணீர் இந்தத் தெற்குக் குழாயில்தான் பிடிப்பேன், இது சத்தியம். காக்கையாக வந்து ஓட்டின்மேல் உட்கார்ந்து முறைத்தாலும் வேறு தண்ணீர் கிடையாது. பசித்தால் சாப்பிடுங்கள்.

உங்கள் மூலையை மூடிவிட்ட சம்சாரம்,
சரோஜா