மழித்த முழங்கால்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மா சுகம், முழங்கால் நீங்கலாக நானும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் மூவரும் எதுவும் நீங்காமல் சுகமாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் என் மானம் போன கதையை அம்மா போனில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அம்மாவுக்கு மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவினார்களே, அதை எனக்கும் போன அன்றைக்கே செய்துவிடுவார்கள் என்று நினைத்து, அவள் பேச்சைக் கேட்டு வலது காலை மட்டும் தொடையிலிருந்து கணுக்கால்வரை வழவழவென்று மழித்துக்கொண்டு போனேன். பேன்ட்டைச் சுருட்டியதும் நர்ஸம்மா மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரெண்டும் ஒரே ஆளோட காலுதானா என்று கேட்டாள். டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். தேய்ந்த மூட்டுக்கு அந்தக் கழுவலை இனிமேல் செய்யக்கூடாது என்று நிறுத்திவிட்டார்களாம். சம்மதம் வாங்கிக்கொண்டு சில பேருக்குச் எது செய்தோம் என்று சொல்லாமல் சும்மா தோலைக் கீறித் தையல் மட்டும் போட்டுப் பார்த்ததில், கழுவினவர்களுக்கு எவ்வளவு வலி குறைந்ததோ இவர்களுக்கும் அவ்வளவே குறைந்ததாம். அப்ப எனக்கு அந்தத் தையலையாவது போட்டுவிடுங்க, மழிச்ச கால் வீணாப் போகுது என்றேன். என் தொழில் மோட்டார் ரிப்பேர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தேய்ஞ்ச பேரிங்கைக் கழுவி மாட்டினா மோட்டார் சரியாயிடுமா ஐயா என்றார். கிரீஸ் வெச்சா நாலு நாள் ஓடும் என்றேன். அதேதான் என்றார். தொடைச் சதைக்குப் பலம் வந்தால் மூட்டில் பாரம் குறையுமாம், ஆபரேஷன் ஆனவங்க நல்லா நடந்தாலும் பெரும்பாலும் அப்புறம் செஞ்ச பயிற்சியாலதான் என்று சொல்லி, காலை நீட்டித் தூக்கி இறக்கக் காட்டிக்கொடுத்தார். கடையில் பழைய மோட்டார் மூடியைக் கணுக்காலில் கட்டித் தூக்கிக்கொண்டிருக்கிறேன், வருகிறவர்கள் முதலாளியே ரிப்பேரில் இருக்கிறார் என்று திரும்பிப் போகிறார்கள்.

நீ சொன்ன தனியார் ஆஸ்பத்திரியில் இன்னமும் கழுவுகிறார்கள்தான், ஆனால் எனக்காக எந்த ஏற்பாடும் செய்யாதே. வீட்டில், என் மூட்டுக்கு அது ஒத்துவராதாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அம்மா விடுவாளா, நான் எந்திரிச்சு ஜம்முனு நடக்கலையா, ஊசின்னா உங்களுக்கு உதறல், அதுக்கு டாக்டர் மேல பழியா என்று பிடித்துக்கொண்டாள். பயம்தான் என்று ஒப்புக்கொண்டேன். அது இப்போது பக்கத்து வீடுவரை தெரியும்.

எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. போனில் அம்மாவிடம் இந்தக் கழுவல் பேச்சை மட்டும் எடுக்காதே, அதை நம்பித்தான் அவள் படி ஏறுகிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாள் விடாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, என்னைத் திட்டிக்கொண்டே காலைத் தூக்கி இறக்கினாளே, நினைவிருக்கிறதா? ஊசிக்குப் பயம் என்று அவள் என்னைப் பிடித்துக்கொண்ட அன்றைக்கு, உன் காலைச் சரிபண்ணினது நீயேதான்டி என்று சொல்ல வாய்வரை வந்தது. அதற்குள் பயந்தாங்கொள்ளி என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு, துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறிப் போய்விட்டாள், கைப்பிடியைத் தொடாமல்.

இப்படிக்கு,
உன் அப்பா