நீ வேண்டாம் என்ற ராணி

இன்று காலை அடிவாரத்தில் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு அம்மாவின் ஸ்வெட்டர் தூறலில் நனைந்திருந்தது. ஈரக் கம்பளி வாசம் மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். வளைவுக்கு வளைவு உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன்.

பள்ளிகளுக்கான சதுரங்கப் போட்டி அந்த முறை ஏற்காட்டில் நடந்தது. மார்கழிக் குளிர். சேலத்துப் பெண்கள் அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்கியதைப் பார்த்து நான் மனசுக்குள் பட்டாசு வெடித்தேன். அணிக்கு நாலு பேர். இறுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் முடிந்து ஒன்றரைக்கு ஒன்றரை. நான் தோற்றுவிட்டு வந்து உன் மேசையருகே நின்றேன். நீ ஜெயித்தால் கோப்பை நம் எஸ்டேட் பள்ளிக்கு.

உன் எதிரே இருந்தவளுக்கு விரல் விறைத்திருந்தது. குதிரையை எடுக்கப் போன கை ராணியில் பட்டுவிட்டது. தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி. ராணி நகர்ந்தால் அவள் ராஜாவுக்குக் காவல் போச்சு. அவள் கையை வெடுக்கென்று இழுத்ததை மட்டும் பார்த்து வந்த நடுவர், எடுக்கத்தான் தொட்டாளா என்று உன்னைக் கேட்டார். பார்த்து நிற்பவர்கள் பேசக்கூடாது. ஆமென்று சொல்லித் தொலை என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

நீயோ, "கை வெறச்சுப் பட்டுதுங்க சார். எடுக்கோணும்னு தொடலீங்க" என்றாய். போதாக்குறைக்கு உன் ஸ்வெட்டரைக் கழற்றி அவளிடம் நீட்டினாய். "போட்டுக்கங்க. நொம்பக் குளுருதில்ல." உன்னை அங்கேயே கடித்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

கை சூடானதும் அவள் பிரமாதமாக ஆடினாள். நீ நடுங்கிக்கொண்டே ஈடுகொடுத்தாய். கடைசியில் உன் குதிரை ஒரு கட்டத்தில் போய் உட்கார்ந்தது. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரே நேரத்தில் குறி. நீ வேண்டாம் என்ற அதே ராணியை முறைப்படி எடுத்தாய். நான் போட்ட கூச்சலுக்கு நடுவர் என்னை வெளியே அனுப்பினார்.

"சும்மா வந்ததை உட்டுட்டியேடி, தோத்திருந்தா?" என்று பஸ்ஸில் சண்டைக்கு வந்தேன். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்படி ஜெயிச்சா ஊட்டுல போயி என்னன்னு சொல்றது?" என்றாய். நம் ஊர் வெள்ளக்கடை வந்து இறங்கும்வரை இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

நீ கண் மூடிய அன்று உன் அம்மா என் கையைப் பிடித்து, "அந்த ஆட்டத்தச் சொல்லு கண்ணு" என்றார். அழுதுகொண்டே சொன்னேன். ராணி விழுந்த இடத்தில் அவர் நிமிர்ந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். எவ்வளவு பெருமை அதில்.

இப்போதும் உன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறார். நான் ஒன்றையும் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நீ ஜெயிக்கிறாய்.