மூக்குக்கு வராத உரம்

ஜூன் 9
மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. யூரியா போடும் நேரம். அவர் இருந்திருந்தால் இன்றைக்கே மடியில் கட்டிக்கொண்டு வயல் முழுக்க வீசி முடித்திருப்பார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணைக் கரிக்கிற நெடி அடிக்கும். "உரம் வேலை செய்யுதுடி, அதான் வாசனை" என்பார். கடைசியாகக் கழற்றிய சட்டை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. துவைக்கவில்லை.

கொழுந்தன் வந்தார். "அண்ணி, இந்த ஒரு போகம் பாருங்க. சரிப்படலன்னா நிலத்த நான் எடுத்துப் பண்றேன். நீங்க வீட்ல நிம்மதியா இருங்க."

இந்த வீட்டிலா, நிம்மதியா?

சரி என்று சொல்லிவிட்டேன். விளைய வைப்பேன் என்று தெரிந்துதான் சொன்னேன்.

ஜூன் 11
விவசாய ஆபீஸ் பெண் வயலுக்கு வந்தாள். நெடியைப் பற்றிச் சொன்னேன். "அக்கா, உங்க மூக்குக்கு வர்றது பயிருக்குப் போகாத உரம். வெயில்ல மண்ணு மேல வீசினா காத்தோட போயிடும். நாலு விரல் ஆழத்துல வச்சு மூடுங்க. பாதி இப்ப, பாதி அப்புறம்."

அப்படியென்றால் இத்தனை வருஷம் அவர் சட்டையில் வந்தது என்ன? எங்களுக்குக் கிடைக்காமல் போன கதிரா? கோபம் வந்தது. முதலில் அவள் மேல்தான்.

ஜூன் 12
கம்பைக் கூராக்கிச் செடிக்குச் செடி குத்தினேன். ஒரு சிட்டிகை உரம், காலால் மண் தள்ளி மூடல். கொழுந்தன் வரப்பில் நின்று, "என்ன அண்ணி, குழி தோண்டிப் புதைக்கிறீங்க? யாரு செத்தது?" என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். முகம் வெளுத்துப்போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் போனபிறகு முதல் சிரிப்பு.

"குனியுற இடுப்பு இருந்தா நீங்களும் வாங்க தம்பி" என்றேன்.

ஜூன் 13
எனக்கும் இடுப்பு இல்லை.

ஜூன் 14
சாயங்காலம் வயலுக்கு நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். நெடி துளிகூட இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று வரப்பேறினேன் - அங்கேயே உக்காந்து அழுதேன். இந்த நேரத்துக்கு அந்த வாசனையோட ஒரு ஆளு வருவாரே. அதையும் நானே மண்ணு போட்டு மூடிட்டேனே.

ஜூன் 17
முதல் வரிசையில் சில செடி கருகிவிட்டது. தண்டை ஒட்டி வைத்தது தப்பு. அப்புறம் குனிய முடியாமல் ஒரு சாண் தள்ளியே குத்தினேன், அதெல்லாம் பச்சையாக நிற்கிறது. இடுப்புவலி காப்பாற்றியது.

ஜூன் 20
கொழுந்தன் இன்றைக்குப் பக்கத்திலிருக்கும் தன் வயலில், வெயிலில் யூரியா வீசினார். காற்று இந்தப் பக்கம். அதே நெடி! போய் அவர் வரப்பில் நின்றேன். நெஞ்சு நிறைய இழுத்தேன். சொன்னால் இந்த வாசனை போய்விடும். சொல்லாமல் இருந்தால் என்ன?

இன்னொரு மூச்சு இழுத்தேன். பிறகு, "தம்பி, உடனே மடையைத் திறங்க. தண்ணி உரத்த உள்ள இழுக்கட்டும். எல்லாம் காத்துல போகுது" என்று கத்தினேன்.

"வாசனை வந்தா நல்லதுன்னு அண்ணன் சொல்வாரே?"

"உங்க அண்ணன் என்னை அழகின்னுகூடத்தான் சொன்னாரு."

சிரித்துக்கொண்டே திறந்துவிட்டார்.

ஜூலை 8
மீதிப் பாதி உரம் வைக்கும் நாள். வெயிலுக்கு அவர் சட்டையை எடுத்துப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டேன். பக்கத்து வயலில் கொழுந்தனும் கம்போடு நிற்கிறார். "ஒரு சாணா, ரெண்டு சாணா அண்ணி?"

"ஒரு சாண். உங்க கை பெருசு, பாத்து அளங்க."

செப்டம்பர் 22
அறுவடை. ஒரு கதிரை உரித்துக் காட்டினேன். நுனிவரை மணி. கொழுந்தன் நிலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. "அடுத்த போகத்துக்கு விதை வாங்கப் போறப்ப எனக்கும் சேத்து வாங்கிடுங்க அண்ணி" என்றார்.

சட்டையில் இப்போது என் வேர்வையும் மண்ணும்தான். துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். நாளைக்குச் சோளத்தட்டை வெட்டணும், போட்டுக்கொள்ளச் சட்டை வேண்டும்.