வெளியே வந்த நேரம்

நெவாடா,
செப்டம்பர் 12

என் அன்பு வெர்னா,

மூன்று நாளாகப் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, எழுதியாவது தொலைக்கிறேன். கால் வலி குறைந்ததா? ரீனோவில் மகள் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நேற்று இயற்கைக் காப்பகத்தின் வளைவுச் சாலையில் பதின்மூன்று மைல் தனியாக ஓடினேன். ஏற்றத்தில், "ஏண்டி, அதுக்குள்ள மூச்சு வாங்குதா?" என்று சீண்ட ஆளில்லை. பாதை தொடங்கும் இடத்தில், நாம் உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் எழுதும் பதிவேட்டுப் பெட்டியருகே, காப்பகக் காவலர் டுவெய்ன் நின்றிருந்தார். அழாத குறை.

"அவங்க மக போன் பண்ணதும் ஓடி வந்து பதிவேட்டைத்தாங்க பார்த்தேன். எட்டு நாப்பதுக்கு வெளிய வந்தாச்சுன்னு இருந்துச்சு. வீட்டுலேருந்தே ஓடி வர்றவங்க, காரும் நிக்கல. நான் என்னத்தக் கண்டேன்?"

வேலையை விட்டே தூக்கிவிடுவார்களாம். பாவம், அவரை மன்னித்துவிடு.

உன் கோலீன்


ரீனோ,
செப்டம்பர் 17

கோலீனுக்கு,

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கட்டுப் பிரிக்க இன்னும் ஐந்து வாரம்.

சரளைச் சரிவில் கால் முறிந்து கிடந்தபோது, கீழே டுவெய்னின் வண்டி வந்தது. விசிலை ஊதினேன். காற்று எதிர்த்திசை. பெட்டியைத் திறந்தார், படித்தார், போய்விட்டார். அப்புறம் ஐந்து மணி நேரம். போனுக்கு சிக்னல் இல்லை, தண்ணீரும் தீர்ந்துவிட்டது. மலையேற வந்த ஒருவர் பார்த்திராவிட்டால் இந்தக் கடிதம் ஏது?

காப்பகத்தார் பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் நகலை அனுப்பி, என் கையெழுத்துதானா என்று கேட்கிறார்கள். பன்னிரண்டு வருடமாக, முதலில் இறங்குகிறவளே இரண்டு பேருக்கும் நேரத்தை எழுதிவிடுவதுதான் நம் வழக்கம். நானும் உனக்கு எழுதியிருக்கிறேன். அதற்காகக் கோபமில்லை. ஆனால் அந்த மனுஷனை மன்னிக்கச் சொல்ல உனக்கு எப்படியடி மனசு வந்தது?

இருபத்தைந்தாம் தேதி டுவெய்ன் மீது விசாரணை. நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும்.

வெர்னா


நெவாடா,
செப்டம்பர் 26

வெர்னா,

சொல்லிவிட்டேன். "கிளினிக்குக்கு நேரமாச்சு. பின்னாடியே வர்றேன்னா, அதான் அவ பேருக்கும் நானே எழுதிட்டேன்" என்றேன்.

டுவெய்னின் வேலை பிழைத்தது. நவம்பரில் காப்பகத்தில் நான் நடத்தும் ஓட்டப்பந்தயத்துக்கு அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள். அது போய்விடும் என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. ஒரு வரியாவது எழுது.

கோலீன்


நெவாடா,
மார்ச் 20

வெர்னா,

இடையில் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை.

இன்று காலை பதிவேட்டில் உன் பெயர். உள்ளே போனது ஏழு பத்து. ஊர் திரும்பியதைக்கூட நீ எனக்குச் சொல்லவில்லை. வெளியே வந்த நேரம் காலியாக இருந்தது. ஓட வந்த நான் ஓடவில்லை. காரில் உட்கார்ந்து சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதானது. ஒன்பதரை ஆனது. டுவெய்னுக்குப் போன் செய்யப் போன நேரத்தில் உன் மஞ்சள் தொப்பி தெரிந்தது. நீ நொண்டவில்லை.

என் முகத்தில் விழிக்க உனக்குப் பிடிக்காதே என்று காரை எடுத்துவிட்டேன். பதிவேட்டை நான் தொடவில்லை.

கோலீன்


நெவாடா,
மார்ச் 24

கோலீன்,

உன் ஓட்டைக் காரை எனக்குத் தெரியாதா? மேலேயிருந்து பார்த்தால் எந்த வண்டி நிற்கிறது, எது போகிறது என்பதெல்லாம் தெரியும். இரண்டு மணி நேரம் அது நகரவில்லை.

சனிக்கிழமை ஆறரைக்கு வா. நீ பின்னால் ஓடு. என் பெயரை நானே எழுதிக்கொள்கிறேன்.

வெர்னா